வேலையைப் பேசுங்கள், வீட்டைப் பேசாதீர்கள்

வேட்புமனு வாங்கத் தொடங்கும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கு விதிகளைப் பரிந்துரைத்த லிங்டோ குழு போட்ட வரம்பு. அந்தப் பத்து நாளில் ஒரு வேட்பாளரின் பழைய வேலையைத் தோண்டியெடுத்து அலச உழைப்பு வேண்டும். அவர் யாரோடு கேன்டீனில் உட்கார்கிறார், எந்த ஊர்க்காரர், எத்தனை பேப்பரில் பெயில் என்று பரப்ப ஒரு கைப்பேசி போதும். அதனால்தான் வாக்குப்பெட்டி, வாக்காளர் பட்டியல் என்று தொடங்கும் தகராறுகள்கூட கடைசியில் ‘என்னை இப்படிச் சொன்னார்கள்’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் மாணவர்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தலே கிடையாது. புதுச்சேரி, ஐதராபாத், டெல்லி, கேரளம் என்று படிக்கப் போகிறவர்கள் அங்கேதான் முதன்முதலாகத் துண்டறிக்கை எழுதுகிறார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசுகிறார்கள். எதிரணியிடம் திட்டும் வாங்குகிறார்கள். எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதற்குப் புகார் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. புகாரை விசாரிக்க உட்காரும் இறுதியாண்டு மாணவருக்கும் பயன்படும்.

விதியின் இரண்டு பாதி

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து, 2005 டிசம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பரிந்துரைகளை ஏற்று, கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பின்பற்ற வேண்டும் என்றது. வழக்கு கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி முதல்வர்கள் அமைப்புக்கும் இடையே நடந்தது. தேர்தல் நடத்தை விதிகள் என்ற ஏற்பாடே 1960 கேரள சட்டமன்றத் தேர்தலில்தான் தொடங்கியது. ஆக, மாணவர் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் விதி ஒரே மண்ணிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. லிங்டோ குழுவின் விமர்சன விதியும் தேர்தல் ஆணையத்தின் மாதிரி நடத்தை விதியைத் தழுவியதே.

அந்த விதியின் சாரம் இது. மற்ற வேட்பாளரை விமர்சிப்பதானால் அவருடைய கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு, செய்த வேலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொதுவேலையோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக்கூடாது. வேட்பாளருடையதை மட்டுமல்ல, அவருடைய ஆதரவாளருடையதையும். சரிபார்க்காத குற்றச்சாட்டையும் திரித்த செய்தியையும் வைத்துப் பேசக்கூடாது. மீறினால் வேட்பாளர் தகுதியோ, ஜெயித்த பிறகு பதவியோ பறிபோகலாம்.

பலர் இதில் தடைகளை மட்டும் படித்துவிட்டு, ‘யாரையும் எதுவும் சொல்லக்கூடாது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள். கடந்தகாலச் செயல்பாடு என்று விதியே சொல்கிறது. சென்ற ஆண்டு பொறுப்பில் இருந்தவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்காத தேர்தல் வெறும் முகப்பழக்கத்துக்கு விழும் வாக்கு.

சூடான சொல்லும் தப்பான சொல்லும்

சென்ற ஆண்டு விடுதியில் மெஸ் செயலாளராக இருந்தவர் இந்த ஆண்டு பேரவைத் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரணியின் துண்டறிக்கை ஒன்று ‘மெஸ் பணத்தைத் தின்று கொழுத்தவர்’ என்கிறது. இன்னொன்று, ‘இரண்டு பருவமும் மெஸ் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கவில்லை. எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை. கணக்கு காட்டாதவரிடம் பேரவையின் பெட்டிச் சாவியைக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்’ என்கிறது. இரண்டாவதுதான் அவரை அதிகம் தொந்தரவு செய்யும். முதலாவதை ‘அவதூறு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். இரண்டாவதற்குக் கணக்கோடு வந்து நிற்க வேண்டும்.

ஆகவே சொல்லின் காரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘பொறுப்பற்றவர்’, ‘தோற்றுப்போன நிர்வாகம்’, ‘சொன்னதைச் செய்யாதவர்’ எல்லாம் காரமானவைதான். பக்கத்தில் ஆதாரம் இருந்தால் அவை நியாயமான விமர்சனம். ‘பொய் சொல்கிறார்’ என்பதைக்கூட எழுதலாம்: ஆகஸ்டில் அவர் சொன்னதையும் அக்டோபரில் சொன்னதையும் தேதியோடு அருகருகே வைத்துவிட்டால். மாறாக, குரலை உயர்த்தாமல் புன்னகையோடு ‘பாவம், அவர் குடும்பச் சூழ்நிலை அப்படி’ என்று சொல்வது மென்மையாக இருக்கும், அது தாக்குதல்தான்.

எழுதியதை அச்சுக்கோ குழுவுக்கோ அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல அவர் எதைக் கொண்டுவர வேண்டும்? கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு, தீர்மானத்தின் நகல் என்றால் தைரியமாக எழுதுங்கள். தாய் தகப்பனை, சாதிச் சான்றிதழை, மருத்துவச் சீட்டை, காதல் கதையைக் கொண்டுவர வேண்டுமென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். எதையுமே கொண்டுவர முடியாதென்றால், அதாவது ‘திமிர் பிடித்தவர்’ வகை என்றால், அது வெறும் வசவு. அதற்குச் செலவிட்ட வரியில் உங்கள் திட்டத்தில் ஒன்றை எழுதியிருக்கலாம்.

கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ‘கல்ச்சுரல்ஸ் பணம் யார் பாக்கெட்டில்?’ என்பது கேள்வி அல்ல, குற்றச்சாட்டு. ‘பேசிக்கொள்கிறார்கள்’, ‘கேள்விப்பட்டோம்’ என்று ஊர்ப்பேச்சின் தலையில் கட்டுவதும் அப்படியே. சரிபார்க்காததைச் சொல்லாதே என்ற விதி, யார் முதலில் சொன்னார் என்று பார்ப்பதில்லை.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 356ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மையும், பொது விஷயத்தில் ஒருவர் நடந்துகொண்ட விதம் குறித்து நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தும் அங்கே விலக்குப் பெறுகின்றன. வளாகச் சண்டையை நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்லச் சொல்லவில்லை. விதியும் சட்டமும் ஒரே கோட்டைத்தான் வரைகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

அரியரை எங்கே பேசுவது

மிகச் சிக்கலான இடம் இது. வழக்கமாக ஒருவருடைய மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் அவர் சொந்த விஷயம். தேர்தலில் நின்றுவிட்டால் அவை தகுதி விதிக்குள் வந்துவிடுகின்றன. லிங்டோ பரிந்துரைப்படி இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு உச்சவரம்பு 28. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. வருகைப்பதிவு பல்கலைக்கழகம் நிர்ணயித்த அளவு, 75 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அந்த அளவு இருக்க வேண்டும். குற்றப் பின்னணியோ, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக்கூடாது. நிர்வாகிப் பதவிக்கு ஒரு முறைதான் நிற்கலாம்.

எதிரணி வேட்பாளருக்கு அரியர் இருப்பது உங்களுக்குத் தெரிகிறது. என்ன செய்யலாம்? வேட்புமனு பரிசீலனை நாளில் தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். எந்தத் தாள், எந்தப் பருவம் என்று குறிப்பிட்டு, தேர்வுத்துறைப் பதிவோடு ஒத்துப்பார்க்கக் கேட்கலாம். அதோடு உங்கள் வேலை முடிந்தது. அதே செய்தியை ‘அரியர் மன்னன்’ என்று படம் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டால், தகுதிக் கேள்வி கேலியாக மாறிவிடுகிறது. செய்தி உண்மைதானே என்பது அங்கே பதிலாகாது. முடிவெடுக்க அதிகாரம் உள்ளவரிடம் சொல்லாமல் சிரிக்கத் தயாராக இருப்பவர்களிடம் சொன்னீர்கள் என்பதே குற்றம்.

பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டுவிட்டது, நீங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். ‘தேர்தல் அதிகாரி எங்கள் ஆட்சேபத்தைக் காரணம் சொல்லாமல் தள்ளினார்’ என்று வெளியே பேசலாம்; அது நடைமுறை பற்றிய விமர்சனம். ‘அதிகாரி விலைபோய்விட்டார்’ என்றால் பணம் கைமாறியதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிய கேள்விகள் இதற்கு நேர்மாறு. அவற்றை வெளியே, உரக்கவே கேட்கலாம். 2006 பரிந்துரையில் ஒரு வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதியது மட்டும்தான். அரசியல் கட்சியிடம் பணம் வாங்கக்கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வளாகமெங்கும் பளபளவென்று அச்சடித்த சுவரொட்டி நிற்கும்போது ‘இதற்கு யார் கொடுத்த காசு?’ என்று கேட்டால் அது யாருடைய சொந்த வாழ்க்கையையும் தொடவில்லை. 2024இல் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் சுவர்களைப் பாழாக்கிவிட்டார்கள் என்று டெல்லி உயர்நீதிமன்றம் வாக்கு எண்ணிக்கையையே நிறுத்திவைத்தது. செப்டம்பர் 27இல் பதிவான வாக்குகள் நவம்பர் 25இல்தான் எண்ணப்பட்டன. சுவரில் ஏற்பட்ட அசிங்கம் எல்லோர் கண்ணிலும் படும். ஆள்மேல் பூசியது, அவரே வாய்திறந்து புகார் கொடுத்தால்தான் தெரியும்.

பேச்சுக்கே இடமில்லாதவை

சாதி, மதம், மொழி, உடல், நிறம், ஊனம், காதல், திருமணம் ஆகியவற்றில் ‘இந்த அளவு வரை போகலாம்’ என்ற எல்லையே கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைச் சாதிப் பெயர் சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவது, பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989இன்படி குற்றம். பேரவைத் தேர்தல் என்பதற்காக அது சின்னத் தவறாகிவிடாது. ‘கோட்டாவில் வந்தவர்’ என்று பூடகமாகச் சொல்வதையும் கேட்பவர்கள் புரிந்துகொள்ளவே செய்கிறார்கள். ஆனால் இடஒதுக்கீடு பற்றி ஒரு மாணவர் அமைப்பு எடுத்த நிலைப்பாட்டை வெளுத்து வாங்குங்கள். விடுதி ஒதுக்கீட்டில் பட்டியல் சாதி மாணவர் பிரச்சினைக்கு அந்த அமைப்பு வாய்திறந்ததா என்று கேளுங்கள். அது கொள்கை விமர்சனம். வேட்பாளர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பது அதற்குத் தேவையே இல்லை.

பெண் வேட்பாளர்களுக்கு வரும் தாக்குதல் பெரும்பாலும் அவர் செய்த வேலையைத் தொடுவதே இல்லை. இரவு எத்தனை மணிக்கு விடுதிக்கு வந்தார், யாருடைய வண்டியில் வந்தார், பழைய படம் ஒன்று என்று போகும். அதைத் தேர்தல் புகாராக மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தலாக இருந்தால் வளாகத்தின் ஐ.சி. எனப்படும் உள்ளகப் புகார்க் குழுவுக்கும் கொண்டுபோங்கள். தேர்தல் புகார் தேர்தலோடு முடிந்துவிடும். அந்தப் படம் முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் கடினம். எதிரணி வேட்பாளர் மீதே ஐ.சி.யில் புகார் விசாரணையில் இருக்கிறது. வாக்காளர்களுக்கு அது தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும், புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும், விசாரணை நடவடிக்கைகளையும் வெளியிடத் தடை விதிக்கிறது. துண்டறிக்கையில் அதை எழுதினால் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் புகார் கொடுத்த பெண்தான். யார், என்ன என்று வளாகமே துருவத் தொடங்கிவிடும். ஒழுங்கு நடவடிக்கை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் பரிசீலனையில் தகுதி ஆட்சேபமாகக் கொடுங்கள். விசாரணை நடந்துகொண்டிருந்தால் மேடையில் வாயைக் கட்டுங்கள். வாக்கு கொஞ்சம் போகலாம், போகட்டும்.

‘என்னைத் தாக்குகிறார்கள்’ என்ற கேடயம்

நிர்வாகத்தில் இருந்தவர்கள் கேள்வியிலிருந்து தப்பிக்கக் கையில் எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். கணக்கைக் கேட்டால் ‘என் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள்’ என்பார்கள். கூட்டத்துக்கு வராததைச் சொன்னால் ‘என் வீட்டுக் கஷ்டம் தெரியுமா?’ என்பார்கள். வீட்டுக் கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்லி விலக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதை வைத்துக் கேள்வியை வாபஸ் வாங்கச் சொல்ல உரிமை இல்லை. புகாரை விசாரிப்பவர் இந்த இடத்தில் இளகிவிடக் கூடாது. பதவியில் இருந்தபோது செய்த வேலையைப் பற்றிய கேள்வி, எவ்வளவு வலித்தாலும், தாக்குதல் அல்ல. இதற்காகக் கொடுக்கும் புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டும்; ‘இரு தரப்பும் நிதானம் காக்கவும்’ என்று பொதுவாக எழுதி அனுப்புவது கேள்வி கேட்டவருக்குச் செய்யும் அநியாயம்.

உண்மையான தாக்குதலுக்கு ஆளானவர் புகாரை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். லிங்டோ பரிந்துரைப்படி ஒவ்வொரு வளாகத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும்: மாணவர் நலப் புலத்தலைவர் தலைவராக, மூத்த ஆசிரியர் ஒருவர், மூத்த நிர்வாக அலுவலர் ஒருவர், இறுதியாண்டு மாணவரும் மாணவியுமாக இருவர். முடிவு அறிவித்த நாளிலிருந்து 3 வாரத்துக்குள் புகார் கொடுக்கலாம். புகாரில் கொடுப்பவரின் பெயர் இருக்க வேண்டும்; மொட்டைக் கடிதாசி எடுபடாது.

‘எதிரணியினர் என்னை மிகவும் கேவலமாகப் பேசி மன உளைச்சலுக்கு ஆளாக்கினர்’ என்று எழுதினால் குழுவுக்கு ஒன்றும் விளங்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வகுப்பறை அல்லது எந்தக் குழு, யார் வாயிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். சொன்ன சொல்லை அப்படியே, கெட்ட வார்த்தையானாலும் நாகரிகப்படுத்தாமல், மேற்கோளில் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரிய எடுங்கள். முன்னும் பின்னும் வந்த செய்திகளையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ‘வெட்டிப் போட்டிருக்கிறார்’ என்பார்கள். கேட்ட இருவர் கையெழுத்திட்டால் நல்லது. பிறகு எந்த விதி மீறப்பட்டது, நீங்கள் கேட்பது என்ன என்று இரண்டு வரி: பதிவை நீக்குவதா, அதே குழுவில் மறுப்பு வெளியிடுவதா, வேட்பாளர் தகுதியை ரத்து செய்வதா. கடைசியதை எல்லாவற்றுக்கும் கேட்காதீர்கள். ஒரு கேலிப் படத்துக்குத் தகுதி நீக்கம் கேட்டால், சாதிப் பெயர் சொன்ன புகாரும் சேர்ந்து லேசாகிவிடும்.

தோற்ற பின் புகார் எழுதுபவர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். ‘முகவர் கையெழுத்து இல்லாமல் பெட்டி சீல் வைக்கப்பட்டது’ என்ற புகாரையும் ‘என்னைப் பற்றி அவதூறு பரப்பினார்கள்’ என்ற புகாரையும் ஒரே தாளில் எழுதக்கூடாது. முதலாவது எண்ணிக்கையைத் தொடுவது; இரண்டாவது ஓர் ஆளின் நடத்தையைத் தொடுவது. கலந்து கொடுத்தால் சீல் பற்றிய கேள்வியைத் ‘தோற்ற கோபம்’ என்று சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

மேடையும் கைப்பேசியும்

நம்மூர் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அடுக்குமொழியில் இடித்துரைப்பதும் நாக்கில் ஊறியது. அதை முழுக்க விட வேண்டியதில்லை. குடிநீர்த் தொட்டி கட்டுவேன் என்று சொல்லி அடிக்கல்லோடு நின்றவரை ‘அடிக்கல் அண்ணா’ என்று கூப்பிட்டால் கூட்டம் சிரிக்கும், அவரும் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம். கேலி அவர் செய்யாத வேலைமேல் விழுகிறது. திக்குவாயைப் போலப் பேசிக்காட்டினாலும் அதே கூட்டம் சிரிக்கும். கூட்டம் சிரித்ததால் எதுவும் நியாயமாகிவிடுவதில்லை.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் தலைவர் வேட்பாளர் விவாதத்தில், பேச்சு முடிந்தபின் வேட்பாளர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் சுற்று உண்டு. லிங்டோ விதிகளுக்கு உட்படவில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் அங்கே தேர்தலை நிறுத்தியது; 2012இல்தான் மீண்டும் நடந்தது. விதியோடு அவ்வளவு மல்லுக்கட்டிய வளாகத்தில், விதியின் முதல் பாதிக்கு நல்ல வடிவம் ஏற்கெனவே இருந்தது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. முகத்துக்கு நேரே, எல்லோர் முன்னும், பதில் சொல்ல நேரம் கொடுத்துக் கேட்கும்போது கேள்வி தானாகவே வேலையின் பக்கம் திரும்புகிறது. உங்கள் வளாகத்தில் அப்படியொரு சுற்று இல்லையென்றால் தேர்தல் அதிகாரியிடம் கேளுங்கள். செலவே இல்லாத ஏற்பாடு அது.

வேட்பாளர் பேசாததை ஆதரவாளர் பேசுவதும், பெயரில்லாத இன்ஸ்டாகிராம் பக்கம் பேசுவதும்தான் இன்று அதிகம். ‘எனக்குத் தெரியாது, பசங்க போட்டுட்டாங்க’ என்பது பதிலாகாது. பிரசாரக் குழுவில் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே, எழுதியதை இன்னொருவர் படிக்காமல் வெளியே விடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். படிப்பவர் உங்கள் அணியிலேயே கொஞ்சம் முசுடாக இருப்பவராக இருக்கட்டும்.

அப்படியும் ஒன்று தப்பிப் போய்விட்டால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்பது மன்னிப்பு அல்ல. பழியைப் புண்பட்டவர் தலையில் கட்டுவது. எதைச் சொன்னோம், அது தவறு, நீக்கிவிட்டோம், இனி பகிர வேண்டாம் என்று நான்கு வரியில் எழுதுங்கள். தவறு எந்தக் குழுவில் போனதோ அதே குழுவில், ஆதரவாளர் பெயரில் இல்லாமல் வேட்பாளர் பெயரிலேயே போடுங்கள். எதிரணி வேட்பாளரை நேரில் பார்த்தும் சொல்லிவிடுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த வாரம் அதே மெஸ்ஸில் அவரோடுதான் சாப்பிடப் போகிறீர்கள்.